மிதந்த துளி: பெண்ணின் ரத்தத்தை அளந்த கதை

எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் ரத்ததான முகாம் நடக்கும். கலையரங்கத்தில் பெஞ்சுகளை ஓரம்தள்ளி, ஒரு மேசையின்மேல் நீலக் கரைசல் ஊற்றிய கண்ணாடிக் குடுவையை வைத்திருப்பார்கள். வருகிறவரின் விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தத்தை அதில் விடுவார்கள். துளி மூழ்கினால் படுக்கைக்குப் போகலாம். மிதந்தால் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கரைசல் வேறொன்றுமில்லை, மயில்துத்தம். அதன் ஒப்படர்த்தி 1.053. ஒரு டெசிலிட்டருக்கு 12.5 கிராம் ஹீமோகுளோபின் உள்ள ரத்தத்தின் அடர்த்தியும் ஏறக்குறைய அதுவே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருவான எளிய முறை இது.

ஒரு வருடம் அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பையன்களின் துளிகள் பெரும்பாலும் மூழ்கின. பெண்களின் துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்தன. "கீரை, பேரீச்சம்பழம் சாப்பிடும்மா" என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். என் இளங்கலை மாணவி ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்தாள். "மேம், எனக்கு ரத்தமே இல்லையாம்."

அவள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவள். முதல் பாடவேளையிலேயே தூங்கி வழிகிறவள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று புலம்புகிறவள். ஆய்வகத்தில் முறையாகப் பார்த்துவிடச் சொன்னேன். பார்த்தாள். ஹீமோகுளோபின் 12.1. மருத்துவர் தாளைப் புரட்டிவிட்டு, "12-க்கு மேல இருக்கு, நார்மல்தான். பரீட்சை டென்ஷன்" என்றாராம். வீட்டில் அத்தை இன்னும் சுருக்கமாகத் தீர்ப்பு சொன்னாராம்: "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்."

தானத்துக்கு 12.5 என்று எல்லை வைத்தது கொடுப்பவரைக் காக்கத்தான். கொடுத்தபின் அவர் சோர்ந்து விழுந்துவிடக் கூடாது. அந்த விதியில் குறையில்லை. ஆனால் மிதந்த துளி ஏன் மிதந்தது என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை. பிறருக்குக் கொடுக்கப் போதாத ரத்தம், அவள் வாழ்வதற்கு மட்டும் போதும் என்றாகிவிட்டது. 12-க்கும் 12.5-க்கும் இடையிலிருக்கும் அந்த அரைக் கிராமில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

வேலனும் கட்டுவிச்சியும்

அந்த வாரம் வகுப்பில் பசலை நடத்திக்கொண்டிருந்தேன். அதே பெண் எழுந்து, "மேம், அந்தத் தலைவிக்கு ஹீமோகுளோபின் கம்மியா இருந்திருக்குமோ?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வி உறைத்தது.

பசலையை ரத்தசோகை என்று சொல்ல வரவில்லை. அது அகமரபின் குறி. திருக்குறள் அதற்கென்றே பசப்புறுபருவரல் என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. ஆனால் அகப்பாடல்களில் ஒரு பெண்ணுடலின் மாற்றத்தைச் சுற்றி நடப்பதைப் பாருங்கள். நிறம் மாறுகிறது, வளை நெகிழ்கிறது, உறக்கம் போகிறது. தாய் பதறுகிறாள். கட்டுவிச்சியை அழைத்து முறத்தில் நெல்லிட்டுக் குறி பார்க்கிறாள். வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து முருகன் அணங்கினான் என்கிறான். வெறியாட்டு நடக்கிறது, ஆடு பலியாகிறது. இவை அனைத்தும் பரிசோதனைகள்தான். எல்லாம் தவறான விடையைத் தருகின்றன. உண்மை தெரிந்தவள் தோழி ஒருத்தி. அவள் வாய் திறந்து அறத்தொடு நிற்கும்போதுதான் காரணம் வெளியே வருகிறது.

அங்கேயும் காரணம் ஓர் ஆண்தான் என்பது வேறு விஷயம். வெளுத்த பெண்ணைக் கண்டதும், இவளுக்கு ஓர் ஆண் குறைகிறான் என்று படிக்கும் பழக்கம் நம் மரபுக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவில் அது கவிதையாக நிற்கவில்லை. மருத்துவமாகவே ஆகிவிட்டது.

கன்னியரின் நோய்

1554-இல் யோஹான்னஸ் லாங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். நண்பரின் மகள் அன்னா வெளுத்திருக்கிறாள், படியேறினால் இதயம் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, இறைச்சியைக் கண்டால் ஒதுங்குகிறாள். இது கன்னியரின் நோய் என்றார் லாங்கே. ஹிப்பாக்ரடீஸ் பெயரில் வழங்கும் பழைய நூலைச் சான்று காட்டினார். அவர் எழுதிய மருந்து: திருமணம். கருவுற்றால் குணமாகிவிடுவாள். என் மாணவியின் அத்தைக்கு லாங்கேயைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் இருவரும் ஒரே மருந்துச்சீட்டைத்தான் எழுதினார்கள்.

அடுத்த நூற்றாண்டில் இதற்கு குளோரோசிஸ் என்று கிரேக்கப் பெயர் கிடைத்தது. வெளிறிய பச்சைநிறம் என்று பொருள். ஆங்கிலத்தில் பச்சைநோய் என்றார்கள். இந்த நோய்ப்பெயர் ஏறத்தாழ 350 ஆண்டுகள் பாடநூல்களில் இருந்தது. காதல் ஏக்கம், இறுக்கிக் கட்டிய உள்ளாடை, மலச்சிக்கல் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு காரணம் சொன்னார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பெரிய நோயியல் அறிஞரான விர்சோ, இப்பெண்களின் இதயமும் பெருந்தமனியும் பிறவியிலேயே சிறுத்தவை என்றார். மாதந்தோறும் ரத்தம் இழக்கிற, வளர்கிற, சரியாகச் சாப்பிடாத ஓர் உடலுக்குள் என்ன குறைகிறது என்ற கேள்வி மட்டும் பின்தங்கிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் மருந்து கையிலேயே இருந்தது. 17-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் சிடன்ஹாம் இரும்பு ஊறவைத்த மதுவைக் கொடுத்தார். 1746-இல் இத்தாலியில் மென்கினி, ரத்தத்தைச் சுட்ட சாம்பலில் காந்தத்தைக் காட்டி அது ஈர்க்கப்படுவதை நிறுவினார். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. 1832-இல் பிரான்சில் பியேர் பிளோ தன் மாத்திரையை அறிமுகப்படுத்தினார். அதன் முக்கியப் பொருள் நம் சித்த மருத்துவர்கள் அன்னபேதி என்று சொல்லும் இரும்பு சல்பேட். பாண்டு நோய்க்கு அன்னபேதிச் செந்தூரமும் அயச்செந்தூரமும் கொடுப்பது நம்மிடமும் உள்ள வழக்கம். ஆக, இரும்பு குணமாக்குகிறது என்பது கண்ணால் கண்டது. ஆனாலும் 'இரும்பு குறைந்ததால் வந்தது' என்று சொல்ல மனம் வரவில்லை. உணவிலல்லாத இரும்பை உடல் உட்கொள்ளாது என்றுகூட 1880-களில் வாதாடினார்கள்.

1890-களில் எடின்பரோவில் ரால்ஃப் ஸ்டாக்மன் இதை உடைத்தார். செரிமானத்தின் வழி போகாமல் தோலுக்கடியில் இரும்பை ஊசியாகச் செலுத்தினாலும் இப்பெண்கள் தேறுகிறார்கள் என்று காட்டினார். பிறகு அவர்கள் சாப்பிடும் உணவில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அளந்தார். மிகக் குறைவு. மாதவிடாயில் போவதை ஈடுகட்ட அந்த உணவு போதாது. நோய் கன்னிமையில் இல்லை, தட்டில் இருந்தது. இதைச் சொல்ல லாங்கேயிலிருந்து 340 ஆண்டுகள் ஆயின.

யாருடைய நூறு?

ஸ்டாக்மன் போன்றவர்களால் இப்படிப் பேச முடிந்ததற்கு ஒரு காரணம், அதற்குள் ரத்தத்தை அளக்கும் கருவிகள் வந்துவிட்டதுதான். 1878-இல் வில்லியம் கவர்ஸ் ஒரு சிறு கருவி செய்தார். விரலில் குத்தி எடுத்த 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, பக்கத்துக் குழாயின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் பிடித்தது என்பதே கணக்கு. பிறகு சாலி அதை மாற்றியமைத்தார். அமிலம் சேர்த்தால் ரத்தம் பழுப்பாகும். அந்தப் பழுப்பைக் கண்ணாடிப் பட்டையின் பழுப்போடு ஒப்பிட வேண்டும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல பத்தாண்டுகள் ஓடியது இந்த சாலி முறைதான்.

இது பெண்களுக்கு எவ்வளவு பெரிய திருப்பம் என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதுவரை அவள் முகத்தைப் படித்தார்கள், நடத்தையைப் படித்தார்கள், கன்னிமையைப் படித்தார்கள். இப்போது துளி பேசியது. வெளுத்த தோலுக்கு மட்டும் பொருந்திய பச்சைநோய் என்ற பெயர் பயனற்றுப் போனது. கறுத்த தோலுள்ள பெண்ணின் சோர்வும் எண்ணாக மாறக்கூடிய நிலை வந்தது.

ஆனால் எண்ணும் எங்கிருந்தோ வருகிறது. அந்தக் காலத்தில் ஹீமோகுளோபினை விழுக்காட்டில் சொன்னார்கள். என் அம்மா தலைமுறையில் "ரத்தம் 60 பர்சென்ட்தான் இருக்கு" என்பார்கள். இன்று "எட்டு பாயிண்ட்தான்" என்கிறோம். 60 விழுக்காடு என்றால் யாருடைய நூறில்? 1901-இல் ஹால்டேன் இந்த அளவுகோலைத் திருத்தமாக்கியபோது, ஆரோக்கியமான ஆண்களின் சராசரிதான் 100. பெண்களின் ரத்தம் அதைவிட 11 விழுக்காடு குறைவு என்று பதிவானது. அந்தக் குறைவு பெண்ணின் இயல்பு என்றும் ஆனது.

இந்த வேறுபாடு முழுவதும் கட்டிவிடப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆண் ஹார்மோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது என்பது உண்மை. ஆனால் அளக்கப்பட்ட 'ஆரோக்கியமான' பெண்களில் எத்தனை பேர் இரும்பு தீர்ந்த நிலையில் நடமாடிக்கொண்டிருந்தார்கள் என்று அன்று பார்க்க வழியில்லை. குறையோடு வாழ்கிறவர்களின் சராசரியை எடுத்தால் குறையே சராசரியாகும். 1968-இல் உலக சுகாதார நிறுவனம் எல்லைகளை வகுத்தது: ஆணுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11. பெரியவர்களுக்கான அந்த எண்கள், கர்ப்பத்தின் இடைமாதங்களுக்கு மட்டும் 10.5 என்ற மாற்றத்தோடு, 2024 வழிகாட்டுதலிலும் நிற்கின்றன.

அளக்க வந்த பெண்கள்

1920-களில் கிழக்கு லண்டனின் ஏழைக் குழந்தைகளிடம் ஹெலன் மெக்கே என்ற பெண் மருத்துவர் ஹீமோகுளோபின் அளந்தார். கைக்குழந்தைகளின் ரத்தசோகைக்கு இரும்புக் குறைவே முக்கியக் காரணம் என்று இரும்பு கொடுத்தே நிறுவினார்.

அதே காலத்தில் லூசி வில்ஸ் இந்தியாவுக்கு வந்தார். இங்கு பணியாற்றிய மார்கரெட் பால்ஃபோர் என்ற மருத்துவர், கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் இறப்பதைக் கண்டு அதை ஆராயத் தூண்டியவர். 1928-இல் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பப் பெண்களிடையே வில்ஸ் வேலையைத் தொடங்கினார். 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். 1931-இல் சென்னையில், அன்று சாதி-கோஷா மருத்துவமனை என்று அழைக்கப்பட்ட, இன்றைய கஸ்தூரிபா காந்தி தாய்சேய் மருத்துவமனையில் இருந்தார். மருத்துவமனையின் பெயரிலேயே சாதியும் திரையும் இருந்த காலம்.

வில்ஸ் கண்டது வேறொன்று. நுண்ணோக்கியில் இப்பெண்களின் சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெரியவை. இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்து வெளிறும். ஆக இது இரும்புக் குறை அல்ல. அவர் கொடுத்துப் பார்த்த ஈஸ்ட் சாறு, கடையில் விற்கும் மார்மைட், நோயாளிகளைத் தேற்றியது. அதிலிருந்த பொருள் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. இன்று கர்ப்பிணிகள் விழுங்கும் இரும்பு-ஃபோலிக் மாத்திரையின் இரண்டாம் பாதிக்கு நாம் அந்தப் பெண்களுக்கும் வில்ஸுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அவர் சொல்லிச் சென்ற பாடம் எளியது. ரத்தசோகை என்பது ஓர் அறிகுறி. நோயின் பெயர் இன்னும் கேட்கப்படவில்லை. இன்று முழு ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி. என்று ஒரு வரி வரும். சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80-க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறியவை. இரும்புக் குறையாக இருக்கலாம், பரம்பரையாக வரும் தலசீமியா மரபணுவைச் சுமப்பவராகவும் இருக்கலாம். 100-க்கு மேல் என்றால் ஃபோலிக் அமிலமோ பி12-ஓ குறைந்திருக்கலாம். பலர் அந்த வரியைத் தாண்டி ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள்.

குதிரும் பானையும்

எங்கள் பாட்டி வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிர் இருந்தது. குதிரில் நெல் தீர்ந்துகொண்டே வந்தாலும் அடுப்பிலிருக்கும் பானையில் சோறு வெந்துகொண்டுதான் இருக்கும். பானையை மட்டும் பார்க்கிறவருக்குக் குதிர் காலியானது தெரியாது. பானையில் சோறு குறையும் நாளில் குதிரில் துடைக்கவும் ஒன்றிருக்காது.

ஹீமோகுளோபின் பானை. உடலின் இரும்புச் சேமிப்பு குதிர். இரும்புக் குறையில் முதலில் குதிர் காலியாகும். அடுத்து ரத்தத்தில் இரும்பை ஏற்றிச்செல்லும் வண்டிகள் பாதி காலியாக ஓடும். கடைசியாகத்தான் ஹீமோகுளோபின் விழும். ஆகவே ஹீமோகுளோபினை மட்டும் பார்ப்பது வீடு எரிந்து முடிந்தபின் புகையைத் தேடுவது.

குதிரைப் பார்க்க நெடுநாள் ஒரே வழிதான் இருந்தது. எலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்து நீலச்சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். சோர்வாக இருக்கிறது என்று சொல்லும் பெண்ணுக்கு அதை யார் செய்வார்கள்? ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்தை 1937-இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். 1972-இல் வேல்ஸின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள், ரத்தத்தில் மிகச் சிறிதளவே உலவும் ஃபெரிட்டினை அளக்கும் முறையைக் கண்டார்கள். அந்த அளவு குதிரின் இருப்பைக் காட்டியது. பெண்ணின் சோர்வுக்கு ஒரு குழாய் ரத்தத்திலேயே சான்று கிடைக்கும் காலம் வந்தது.

அதிலும் ஒரு சூது உண்டு. உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் தானே ஏறிக்கொள்ளும். குதிர் காலியாக இருக்க, தாளில் நிரம்பியதாகத் தெரியும். அதனால் சி.ஆர்.பி. போன்ற அழற்சிச் சோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறை. தொற்றோ அழற்சியோ இருந்தால் அந்த எல்லை 70. ஆனால் சில ஆய்வகத் தாள்களில் பெண்ணுக்கான கீழ் எல்லை 10-ஐ ஒட்டியே அச்சாகிறது. ஹால்டேன் காலத்துக் கதைதான். குறையோடு நடமாடுகிறவர்களையும் சேர்த்து எடுத்த அளவு 'இயல்பு' ஆகிவிடுகிறது.

2012-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று இதோடு வைத்துப் படிக்க வேண்டியது. ஹீமோகுளோபின் 12-க்கு மேல், ஃபெரிட்டின் 50-க்குக் கீழ், தீராச் சோர்வு என்றிருந்த 198 பெண்களில் ஒரு பாதிக்கு இரும்பும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். இரும்பு பெற்றவர்களின் சோர்வு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்றவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. 'ரத்தசோகை இல்லை' என்பதும் 'ஒன்றுமில்லை' என்பதும் ஒன்றல்ல.

எண்ணிக்கையும் நம் வீடும்

இந்தியாவில் தேசிய குடும்பநல ஆய்வு 2019-21-இல் எடுத்த கணக்கு: 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25. பழங்குடிப் பெண்களிடையே விகிதம் இன்னும் மேலே. இரும்பு மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-இலேயே தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இதுதான் நிலை.

இந்த எண்ணின் மீது இப்போது வழக்கு நடக்கிறது. விரலை அழுத்திப் பிழியும்போது திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும், நரம்பிலிருந்து எடுத்துத்தான் அளக்க வேண்டும் என்கிறார்கள். அது சரியான வாதம். அடுத்த சுற்று ஆய்விலிருந்து ரத்தசோகை நீக்கப்பட்டு, நரம்பு ரத்தம் எடுக்கும் தனி ஆய்வுக்கு மாற்றப்பட்டது. எல்லையையே இந்தியர்களுக்குத் தாழ்த்த வேண்டும் என்ற வாதமும் இருக்கிறது. துல்லியமாக அளப்பதை நாம் வரவேற்க வேண்டும். ஆனால் ஒரு கோட்டை அரைக் கிராம் கீழே இறக்கினால் கோடிக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் தாளில் குணமாகிவிடுவார்கள். மறுநாள் காலையிலும் அவர்களுக்குப் படியேறினால் மூச்சு வாங்கும். கோட்டை யார் போடுவது என்பதைப் பெண்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மாத்திரை கொடுப்பதோடு கடமை முடிகிறது என்ற நினைப்பும் பழையதே. கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார், குழம்பில் மீன் துண்டு யார் தட்டுக்குப் போகிறது, மாதம் ஏழெட்டு நாள் கொட்டும் ரத்தத்தை 'பெண் என்றால் அப்படித்தான்' என்று யார் சொல்லிக் கொடுத்தது என்ற கேள்விகளுக்கு எந்தக் கருவியிலும் விடையில்லை. ஸ்டாக்மன் தட்டைப் பார்த்தார். நாம் அடுப்படியையும் பார்க்க வேண்டும்.

என் மாணவியின் கதைக்கு வருகிறேன். அவளை அழைத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மாசம் எத்தனை நாள் போகுது? ஒரு நாளைக்கு எத்தனை பேடு?" அதுவரை அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஃபெரிட்டின் பார்த்தார்கள். 7. குதிர் காலி. மாத்திரையோடு, அந்த ரத்தப்போக்குக்கும் சிகிச்சை தொடங்கியது. நான்கைந்து மாதம் கழித்து ஒருநாள் மூன்றாம் மாடி வகுப்புக்கு எனக்கு முன்னால் ஏறிப் போய் நின்று, "மேம், மூச்சு வாங்கல" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது நான்தான். அடுத்த வாரம் நானும் போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டேன்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தாளில் ஹீமோகுளோபின் வரிக்குக் கீழேயும் படியுங்கள். சோர்வு தீரவில்லை என்றால் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எண் குறைவாக இருந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். எல்லா ரத்தசோகையும் இரும்பால் தீராது. உங்கள் அம்மாவையும் ஒருமுறை அழைத்துப் போங்கள். தனக்காக ரத்தம் கொடுத்துப் பார்த்திராத பெண்கள் அந்தத் தலைமுறையில் நிறைய.

வேலன் கழங்கு போட்டான், லாங்கே கடிதம் எழுதினார், நாம் துளியைக் கரைசலில் விடுகிறோம். சோதனை வளர்ந்திருக்கிறது. ஆனால் துளி சொல்வதைக் கேட்டு அவள் பக்கம் நின்று பேச, அன்றைக்கு இருந்ததுபோல இன்றைக்கும் ஒரு தோழி வேண்டியிருக்கிறாள்.